அரை மணி நேரம் சும்மா இருக்கணும்

கொஞ்சம் தள்ளி உக்காருதியளா அண்ணாச்சி? ஃபேன் காத்து இந்த நாற்காலிக்குத்தான் வருது. ஆங், போதும். பயப்படாதிய, நான் பேச மாட்டேன். எனக்குப் பேசக் கூடாதுன்னு உத்தரவு. அரை மணி நேரம் அசையாம, பேசாம, மனசுல ஒண்ணையும் போட்டுக் குழப்பாம இருந்தாத்தான் ரத்தம் எடுப்பாவளாம். உங்களுக்கும் அப்படித்தானா? இல்லையா? வெறும் சுகரா? அப்ப நீங்க குடுத்து வச்சவரு. நீங்க பேசலாம். பேசுங்க, நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

என்ன, பேச்சையே காணோம்? வெறும் வயித்துல வந்துருக்கிய, அதான். சரி, நானும் பேசல.

நீங்க மதுரைதானா? உள்ளூரா? நல்லது. நமக்குத் தூத்துக்குடி. பேரு ஜெபஸ்தியான். ஹார்பர்ல மீன் ஏலம் கூறுத ஆளு. போட் கரைக்கு வந்து மீனு இறங்குச்சுன்னா நூறு பேரு ஒரே நேரத்துல கத்துவானுவ. அந்தக் கூச்சலுக்கு மேல என் குரல் கேக்கணும். அதான் நம்ம பொழப்பு. கத்திக் கத்தி, மெதுவாப் பேசுதது எப்படின்னே மறந்து போச்சு. கோயில்ல பாவசங்கீர்த்தனம் செய்யப் போனா, சாமியாரு காதுல நான் சொல்லுத பாவம் வெளிய வரிசையில நிக்கவனுக்கெல்லாம் கேக்கும். ஒருக்க முடிச்சிட்டு எந்திரிச்சு வாரேன், பின்னால நின்ன கிழவி, "அத்தனையும் நீதான் செஞ்சியா மக்கா?"ன்னு கேக்கா. அதுக்குப் பெறவு சாமியாரே சொல்லிட்டாரு, ஜெபஸ்தியான், நீ ஆள் இல்லாத நேரமா வான்னு.

எனக்குச் சீக்கு ஒண்ணும் கிடையாது பாத்துக்கிடுங்க. என் மகளுக்குத்தான். பெனிட்டா. காலேஜுல ரெண்டாம் வருசம். இந்தா, அந்தப் பச்சைத் திரை தெரியுதுலா, அதுக்கு அங்கிட்டுதான் படுத்துருக்கா. அவ அம்மா கூட இருக்கா. பிள்ளையும் அரை மணி நேரம் அமைதியா படுக்கணும், அதுக்குப் பெறவு ஊசி. அவளுக்கு எடுத்து முடிச்சு அடுத்து எனக்கு. அப்பன் ரத்தமும் பாக்கணுமாம். ரத்தம் எடுக்குத பொண்ணு, பாண்டிச்செல்வின்னு பேரு, அதுவே வந்து, "அண்ணே, நீங்க வெளிய உக்காருங்க, உங்க டெஸ்டுதான் ரொம்ப முக்கியம், பேசாம இருந்தாத்தான் சரியா வரும்"னுச்சு. முக்கியம்னு ஒருத்தர் சொல்லிட்டா நான் கட்டுப்பட்டுருவேன். மத்தபடி என்னைய ஒரு எடத்துல உக்கார வைக்க என்னப் பெத்தவளாலயே முடியல.

என்ன சீக்குன்னு கேக்கியளா? நீங்க கேக்கல, சரி, நானே சொல்லுதேன். ரத்தம் வந்தா உறையணும்லா. பிள்ளைக்கு அது சட்டுன்னு உறைய மாட்டேங்குது. ஒரு கடவாப்பல்லு பிடுங்குனோம். காலையில பிடுங்குனது, மறுநாள் வரைக்கும் பஞ்சு பஞ்சா மாத்திக்கிட்டே இருக்கா. பொம்பளப் பிள்ள சமாச்சாரமும் உண்டு. மாசாமாசம் ரொம்பக் கஷ்டமாம், வயசுக்கு வந்ததுல இருந்தே. எனக்குச் சொல்லவே இல்ல. தாயும் மகளும் ரகசியமா வச்சிருந்துருக்காளுவ. வீட்டுல அப்பன்னு ஒருத்தன் இருக்கம்லா, எங்கிட்ட ஏன்டி சொல்லலன்னு கேட்டேன். அதுக்கு அமலி, அமலோற்பவம்னு பேரு என் வீட்டுக்காரிக்கு, அவ சொல்லுதா, "உங்ககிட்ட சொன்னா அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சிரும்"னு. பாத்தியளா பேச்ச? வீட்டு விசயத்த நான் வெளிய போய் யாருகிட்டயாவது சொல்லுவனா?

மூக்குல ரத்தம் வாரது அவளுக்குச் சின்னப் பிள்ளையில இருந்தே உண்டு. அத நாங்க சீக்குன்னே நினைக்கல. சூடு. எங்க வம்சமே சூட்டு உடம்பு அண்ணாச்சி. எங்கப்பா கடல்ல வலை இழுத்தாருன்னா மூக்குல இருந்து ஒழுகும், தோள்ல துடைச்சிக்கிட்டே இழுப்பாரு. எங்க அத்தை ஒருத்தி பிரசவத்துல ரத்தம் நிக்காம போய்ச் சேந்தா. எனக்குச் சவரம் பண்ணும்போது ஒரு கீறல் விழுந்தா, அன்னைக்குப் பூரா தாடையில பேப்பரு ஒட்டிக்கிட்டுத்தான் ஏலம் கூறுவேன். எல்லாம் சூடு. அதுல எங்களுக்கு ஒரு பெருமை வேற, கொதிக்குத ரத்தம்னு. பிள்ளைக்கு மூக்குல வந்தா உடனே இளநி வாங்கப் போயிருவேன். வெந்தயத்த ஊற வைங்கட்டீன்னு கத்துவேன். வெள்ளிக்கிழமையானா எண்ணெய் தேச்சுக் குளிச்சியா இல்லையான்னு வாசல்ல நின்னு கேப்பேன், தெருவுல போறவன் "நான் குளிச்சிட்டேன் மாமா"ம்பான்.

ரத்தத்துக்குன்னே படிச்ச டாக்டரம்மா ஒருத்தவிய இருக்காவ இங்க, ஹபீபான்னு. முதல்ல கேட்ட கேள்வியே, "உங்க குடும்பத்துல யாருக்காவது இப்படி ரத்தம் நிக்காம இருந்துருக்கா?"ன்னுதான். நான் நெஞ்ச நிமித்திச் சொன்னேன். "எங்க பக்கம் அப்படி ஒண்ணும் கிடையாது டாக்டர், எங்களுக்குச் சூடு மட்டுந்தான். என் வீட்டுக்காரி பக்கம் வேணும்னா விசாரிங்க." அமலி பக்கத்துல என்னத்த விசாரிக்க? அவனுவ கையக் கிழிச்சாலும் ரெண்டு சொட்டுக்கு மேல வராது. அவ்வளவு கஞ்சப் பயலுவ.

சிரிக்கியளே. சிரிங்க, சிரிச்சா சுகர் குறையும்னு சொல்லுவாவ.

இப்ப என்ன அவசரம்னா, பிள்ளைக்கு வயித்துல நீர்க்கட்டி ஒண்ணு பெருசாயிட்டு வருது. ஆபரேசன் பண்ணித்தான் எடுக்கணும், ரொம்ப நாளைக்குப் போட்டு வைக்கவும் முடியாது. ஆனா ஆபரேசன் டாக்டரு கத்தி வைக்க மாட்டேங்காரு. ரத்தத்துல என்ன குறைன்னு உறுதியாத் தெரிஞ்சாச்சுன்னா, அதுக்குத் தகுந்த மருந்த முன்னாலயே ஏத்திட்டுத் தைரியமாப் பண்ணலாமாம். தெரியாமக் கை வச்சா... அந்த இடத்துல அவரு நிறுத்திட்டாரு. நானும் மேல கேக்கல. ஹார்பர்ல பெரிய பெரிய ஏற்றுமதிக்காரனையெல்லாம் அதட்டுதவன், அன்னைக்கு அவரு மேசை மேல கிடந்த பேனாவையே பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு அவ ஒருத்திதான் அண்ணாச்சி. வேற பிள்ள கிடையாது.

ஷ்ஷ். பாண்டிச்செல்வி பாக்குது. இந்தா, வாய மூடிட்டேன்மா. மூடிட்டேன்.

அது உள்ள போயிருச்சு. மெதுவாப் பேசுதேன். இப்ப மெதுவாத்தான பேசுதேன்?

என்ன விசயம்னா, ரத்தத்துல ஒட்டுறதுக்குன்னு ஒரு பொருள் இருக்காம். கீறல் விழுந்த எடத்துல போயி பசை மாதிரி ஒட்டி அடைக்கணும். அது பிள்ளைக்குக் குறைவா இருக்கும்னு சந்தேகம். அந்தச் சீக்குக்கு ஒரு வெள்ளைக்காரன் பேரு, எனக்கு வாயில நுழையல. அந்தப் பொருள அளந்து பாக்கத்தான் இந்த டெஸ்டு. முதல் தடவ எடுக்கும்போது நான் வரல. அன்னைக்கு ஹார்பர்ல மீனு வரத்து அதிகம். தாயும் மகளும் காலையில பஸ் ஏறி மதுரைக்கு வந்து, ரத்தம் குடுத்துட்டு, புதுமண்டபம் பக்கம் போயி வளையல் வாங்கிட்டு, ஜிகர்தண்டா குடிச்சிட்டு, சிரிச்சிக்கிட்டே வீட்டுக்கு வந்தாளுவ. ரிசல்ட்டு வந்தா, குறைவு.

நான் ஒத்துக்கிடல. நான் இல்லாத நேரத்துல எடுத்தது எப்படிச் சரியா இருக்கும்? குழாய மாத்தி வச்சிருப்பானுவ, பேர மாத்தி எழுதிருப்பானுவ. பக்கத்துல நின்னு பாக்க ஆள் வேணும்லா. மீனு எடை போடும்போது நான் ஒரு நிமிசம் முகத்தத் திருப்புனா ஒரு சீலா மீனு காணாமப் போயிரும். அந்தப் புத்தி.

அதனால மறுபடியும் எடுக்கணும்னேன். பிள்ளைய அலைய வைக்காண்டாம், தூத்துக்குடியிலயே ஒரு லேப்ல எடுத்து நானே மதுரைக்குக் கொண்டு போறேன்னு கிளம்புனேன். சின்னக் குழாயி, நீல மூடி, கோடு போட்டிருக்கும், அந்தக் கோடு வரைக்கும் சரியா ரத்தம் நிரம்பணும். எடுத்துக் குடுத்த பையன், "சீக்கிரம் கொண்டு போயிருங்க, கெட்டுரும்"னு மட்டும் சொன்னான். கெட்டுப் போற பொருளக் கொண்டு போகணும்னா நமக்குத் தெரிஞ்ச வழி ஒண்ணுதான. தெர்மாக்கோல் பெட்டியில ஐஸ நொறுக்கிப் போட்டு, நடுவுல குழாயப் பதிச்சு, மேல இன்னொரு அடுக்கு ஐஸப் போட்டு, டேப்பு சுத்தி, மடியில வச்சுக் கொண்டாந்தேன். பஸ்ஸுல பக்கத்துல இருந்தவன் என்ன மீனுன்னு கேட்டான். நான் கோவத்துல, "என் மக"ன்னு சொல்லிட்டேன். அவன் எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிட்டான்.

இங்க வந்து பெட்டியத் திறந்தா, பாண்டிச்செல்வி உள்ள பாத்துச்சு, என்னப் பாத்துச்சு, மறுபடியும் உள்ள பாத்துச்சு. "அண்ணே, இத யாரு ஐஸ்ல வைக்கச் சொன்னது? இந்த டெஸ்டுக்கு ரத்தத்தக் குளிர வைக்கவே கூடாது. அந்தப் பொருளு தானாக் குறைஞ்சு போயிரும். இது ஆகாது"ன்னுச்சு. இருந்த ரத்தமே பத்தாத பிள்ள, அவகிட்ட எடுத்தத நான் மீனு மாதிரி விறைக்க வச்சுக் கொண்டாந்துருக்கேன். அந்த ஐஸ வாஷ்பேசின்ல கொட்டும்போது எனக்கு என்னையே நாலு சாத்து சாத்தணும் போல இருந்துச்சு. ஹார்பர்ல இத யாருகிட்டயும் சொல்லல. எப்படியோ தெரிஞ்சு, இன்னைக்கு வரைக்கும் ஐஸ் வண்டிக்காரன் என்னப் பாத்தா, "வீட்டுல எல்லாரும் சுகந்தான? ஐஸ் வேணுமா?"ங்கான்.

அதுக்குப் பெறவு ஒரு முடிவு எடுத்தேன். இனி எங்கயும் நான் இல்லாம பிள்ளைய விடுததில்லன்னு. அடுத்த தடவ மூணு பேருமா வந்தோம். அன்னைக்கு பஸ்ஸு வழியில பஞ்சர். லேட்டாயிட்டு. லேப்ல பத்து மணிக்குள்ள வரணும்னு சொல்லிருந்தாவ. பஸ் ஸ்டாண்டுல இருந்து ஆட்டோ பிடிச்சா, அவன் கேட்ட ரூபாய்க்கு என்னால வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க முடியல. பிள்ள, "விடுங்கப்பா, விடுங்கப்பா"ன்னு சட்டையப் பிடிச்சு இழுக்கா. இங்க வந்தா லிப்டு ஓடல. "ஓடு மக்கா"ன்னேன். ரெண்டு மாடி ஓடுனோம். மேல வந்தா கவுண்டர்ல இருந்தவன், டைம் முடிஞ்சிருச்சுன்னான். கேக்கணுமா? நான் போட்ட சத்தத்துல கீழ பார்மஸியில நின்னவன்லாம் மேல வந்து பாத்தான். எடுத்தாவ. என் குரலுக்குக் கிடைச்ச வெற்றின்னு நினைச்சேன். ரிசல்ட்டு வந்தா, நார்மல்!

பிரியாணி வாங்கித் தெருவுக்கே குடுத்தேன் அண்ணாச்சி. நான் பக்கத்துல இருந்து எடுத்ததால ஒழுங்கா வந்துச்சு பாத்தியான்னு அமலிகிட்ட சொன்னேன். அவ பிரியாணிய எல்லாருக்கும் எடுத்து வச்சா. அடுத்த மாசம் பிள்ள காலேஜுல படியில மயங்கி விழுந்துட்டா. முகம் வெள்ளைத் துணி மாதிரி. ஆஸ்பத்திரியில ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்துனாவ. நார்மல்னு சொல்லி நான் பிரியாணி போட்டிருக்கேன், உள்ள பிள்ள இப்படி வத்திப் போயிருக்கு.

அவ தேறுனதும் மறுபடியும் வந்தோம். இந்தத் தடவ சண்ட போடக் கூடாதுன்னு சத்தியம் பண்ணிட்டுத்தான் வந்தேன். உள்ள கூடவே நின்னேன். பாண்டிச்செல்வி நரம்பு தேடுது. எனக்குப் பதறுது. "ஒரே குத்துல எடுத்துரணும், பாத்துக்க. ரெண்டாவது குத்து குத்துன..."ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். முதல் குத்து நரம்புல விழல. பிள்ள அழுதுட்டா. "அழாதட்டீ, ஒண்ணுமில்ல!"ன்னு கத்துனேன். தைரியம் சொல்லத்தான் கத்துனேன். அப்புறம் குழாயில ரத்தம் ஏறுதத ஒரு பார்வை பாத்தேன், அவ்வளவுதான். கண்ணத் திறந்தா தரையில கிடக்கேன். மீனு வெட்டுத எடத்துலயே வளந்தவன்! என் மூஞ்சியில ஒருத்தி தண்ணி தெளிக்கா, ஒருத்தன் காலத் தூக்குதான், பிள்ள கையில ஊசியோட எந்திரிச்சு நின்னு, "அப்பா, அப்பா"ன்னு கதறுதா. அந்த ரிசல்ட்டும் நார்மல்.

அப்பத்தான் டாக்டரம்மா எங்கள உக்கார வச்சுச் சொன்னாவ. இந்தப் பொருள் எப்பவும் ஒரே அளவுல இருக்காதாம். பயந்தா, ஓடி வந்தா, அழுதா, பதறுனா, கொஞ்ச நேரத்துக்கு ரத்தத்துல அது ஏறிருமாம். குறைவா இருக்கவங்களுக்குக் கூட அந்த நேரத்துல சரியா இருக்க மாதிரி காட்டுமாம். "முதல் தடவ மட்டும் குறைவா வந்துருக்கு. அடுத்த ரெண்டும் சரியா இருக்கு. முதல் தடவைக்கும் இந்த ரெண்டு தடவைக்கும் என்ன வித்தியாசம், யோசிச்சுச் சொல்லுங்க"ன்னாவ.

நான் நல்லா யோசிச்சேன். "வித்தியாசம்னு ஒண்ணும் கிடையாது டாக்டர். அதே லேபு, அதே பாண்டிச்செல்வி, அதே ஊசி. அன்னைக்கு நான் மட்டும் வரல. மத்தபடி எல்லாம் ஒண்ணுதான்"னேன். டாக்டரம்மா அமலியப் பாத்தாவ. அமலி டாக்டரம்மாவப் பாத்தா. பொம்பளைங்க ரெண்டு பேரு பாத்துக்கிட்டா அதுல என்ன இருக்குன்னு நமக்கு எங்க விளங்குது.

ஆனா பயம்னு டாக்டரம்மா சொன்னது மட்டும் என் மனசுல நின்னுட்டு. என் பிள்ள எதுக்குப் பயப்படணும்? நான் இருக்கேன்லா? ஊருக்குப் போனதும் விசாரணைய ஆரம்பிச்சிட்டேன். முதல்ல காலேஜுக்குப் போயி அவ துறைத் தலைவரப் பாத்து, பிள்ளைய மிரட்டுதியளான்னு கேட்டேன். அவரு பாவம், மிரண்டு போயிட்டாரு. அடுத்த வீட்டுல ஒரு நாயி ராத்திரி குலைக்கும். அவன்கிட்ட போயி, நாய அவுத்து விடு இல்லன்னா நான் அவுத்து விடுவேன்னேன். அமலி அடிக்கடி மாதா படத்துக்கு முன்னால கண்ணீரு விடுவா. பிள்ளைய நீதான் பயமுறுத்துதன்னு அவளயும் பிடிச்சு ஏசுனேன். கடைசியில பிள்ளகிட்டயே கேட்டுட்டேன். "ஏட்டி, உனக்கு எதப் பாத்துப் பயம்?"

"ஒண்ணும் இல்லப்பா"ன்னா.

"பயப்படாமச் சொல்லு!"ன்னு கொஞ்சம் அழுத்திக் கேட்டேன்.

"ஒண்ணும் இல்லப்பா"ன்னு சொல்லி அழுதுட்டா. கடைசி வரைக்கும் அது என்னன்னு எனக்குப் பிடிபடல.

அதான் இன்னைக்கு இந்த ஏற்பாடு. இன்னைக்கு எடுக்குததுதான் கடைசி. இதுல குறைவுன்னு காட்டுச்சுன்னா சீக்கு உறுதி, மருந்து ஏத்திட்டு அடுத்த வாரமே ஆபரேசன். இதுலயும் மறைஞ்சு போச்சுன்னா டாக்டரம்மாவுக்கே வேற வழி தெரியலயாம். அந்தக் கட்டி காத்துக்கிட்டு இருக்காதுலா. நேத்தே வந்து லாட்ஜுல தங்கி, காலையில மெதுவா நடந்து வந்தோம். லிப்டு இன்னைக்கு ஓடுச்சு. ஆட்டோ கிடையாது, சண்ட கிடையாது. ஒரே ஒரு தரம் லாட்ஜுக்காரன்கிட்ட வெந்நீருக்குக் கத்துனேன், அத ஒரு சண்டைன்னு கணக்குல சேக்க முடியாது. நீங்களே சொல்லுங்க, குளிக்க வெந்நீரு வேணாமா? வாளியில கைய விட்டா ஐஸு! நான் கேட்டேன், ஏல, இது என்ன மனுசன் குளிக்குத தண்ணியா, இல்ல மீனு...

என்னம்மா பாண்டிச்செல்வி? நான் பேசல. இந்த அண்ணாச்சிதான் ஏதோ கேட்டாரு.

என்னது? உள்ள கேக்குதா? எது?

நான் பேசுததா? அதுக்குள்ள அரை மணி நேரம் ஆயிட்டா?

ஆகலயா? ஏன், அவ படுத்துதான இருந்தா? எந்திரிச்சு உக்காந்துட்டாளா? மறுபடியுமா?

சரிம்மா. சரி. எனக்கு எப்ப எடுப்பிய?

எழுதலயா? சீட்டுல எனக்கு டெஸ்டே எழுதலயா? நீதான முக்கியம்னு... யாரு சொல்லச் சொன்னது? அமலியா?

சரி. சரி, நீ போம்மா. நீ போயி பிள்ளையப் பாரு.

கேட்டியளா அண்ணாச்சி. எனக்கு டெஸ்டே கிடையாதாம். எனக்கு இன்னொரு நாள் பாத்துக்கிடலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாவளாம். என்னைய எப்படியாவது வெளிய உக்கார வச்சு வாயக் கட்டணும்னு அமலிதான் இந்தப் பொய்யச் சொல்லச் சொல்லிருக்கா. நானும் ஏதோ பெரிய ஆளுன்னு நினைச்சு ஃபேனுக்குக் கீழ வந்து உக்காந்துட்டேன்.

பிள்ள கண்ண மூடுதாளாம். கொஞ்சம் அசருத நேரத்துல என் குரல் கேக்குதாம். உடனே எந்திரிச்சு உக்காந்து, "அம்மா, அப்பா யாருகிட்டயோ சண்ட போடுதாரு, போயிப் பாரும்மா"ங்காளாம். நெஞ்சு படபடன்னு அடிக்குதாம் அவளுக்கு. திரும்பவும் முதல்ல இருந்து அரை மணி நேரம் படுக்கணுமாம். இது ரெண்டாவது தடவையாம்.

நான் உங்ககிட்ட சண்டையா போட்டேன் அண்ணாச்சி?

அப்ப அந்தப் பயம் நான்தான். ஊர் பூராத் தேடுனேன். நாயையெல்லாம் விசாரிச்சேன்.

என்னப் பிடிக்காம இல்ல அண்ணாச்சி, அத நான் சொல்லணும். எம் பிள்ளைக்கு எம்மேல உயிரு. அதான் பயம். நான் எங்க யாருகிட்ட மல்லுக்கு நிப்பேன், யாரு என்னைய அடிப்பான், எங்க மயங்கி விழுவேன்னு அவளுக்கு எந்நேரமும் என்னக் காவல் காக்குத வேலை. பஸ்ஸுல நான் கண்டக்டர்கிட்ட வாயத் திறந்தா அவ கை வந்து என் கைய இறுக்கிப் பிடிக்கும். சின்னப் பிள்ளையில இருந்தே அப்படித்தான். பிரியமாப் பிடிக்கான்னு நினைச்சு நான் இன்னும் கொஞ்சம் கூடக் கத்துவேன். இப்படிப் பதறிக்கிட்டே கிடந்தா அவ ரத்தம் எப்படி உள்ளத உள்ளபடி சொல்லும்?

சிரிக்காதிய. சிரிச்சாலும் பரவாயில்ல.

உள்ள போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வரவா? அப்பா சண்ட ஒண்ணும் போடல மக்கா, நீ நிம்மதியா படுன்னு?

இல்ல. வேண்டாம். அதையும் நான் கத்தித்தான் சொல்லுவேன்.

ஒரு உதவி செய்வியளா அண்ணாச்சி? நான் கீழ இறங்கிப் போறேன். லிப்டு மணியடிக்கும், படியிலயே போறேன். செருப்பக் கையில எடுத்துக்கிடுதேன். ரோட்டுக்கு அந்தப்பக்கம், அந்த வேப்பமரத்துக்குக் கீழ நின்னுக்கிடுதேன், அமலி கூப்பிடுத வரைக்கும் மேல வர மாட்டேன். நான் போனதும், கொஞ்சம் கழிச்சு, பாண்டிச்செல்வி இந்தப் பக்கம் வரும்போது நீங்க ஒண்ணு சொல்லணும். "அந்தத் தூத்துக்குடிக்காரரு டீ குடிக்கப் போயிட்டாரும்மா. நல்ல சந்தோசமாத்தான் போனாரு. யாருகிட்டயும் சண்ட போடல"ன்னு. நீங்க மெதுவாப் பேசுத ஆளு, பாத்தாலே தெரியுது. இருந்தாலும் இத மட்டும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி. உள்ள கேக்கணும்.